ஆறு டயல்கள், ஒரே வாய்ப்பு: விமானித் தகுதிச் சோதனையில் தவறிய ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

போட்டித் தேர்வுகளுக்குக் கணக்கும் ரீசனிங்கும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்திய விமானப்படையில் விமானியாக வேண்டும் என்று என்னிடம் வந்த ஒரு மாணவன் எழுத்துத் தேர்வில் தேறினான். தேர்வுக் குழுவின் ஐந்து நாள் சோதனைகளைத் தாண்டிப் பரிந்துரையும் பெற்றான். மறுநாள் காலை நடந்த விமானித் தகுதிச் சோதனையில் தவறிவிட்டான். அந்தச் சோதனைக்கு இன்னொரு தடவை கிடையாது. ஒருமுறை அதில் தவறியவர் விமானி பிரிவுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

அவனுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். சோதனையில் என்ன வந்தது என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் கண்ணும் கையும் கவனமும் என்ன செய்தன என்று மட்டும் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டபின் எனக்கு உறுதியான ஒன்று உண்டு: அவன் உழைப்பில் குறையில்லை, நான் அவனைத் தயார்செய்த விதத்தில் குறை இருந்தது. அறிவைச் சேர்ப்பதற்கான பயிற்சியைக் கொடுத்தேன். அங்கே தேவைப்பட்டது கவனத்தைப் பங்கிடும் பயிற்சி.

எழுத்துத் தேர்வு: தயக்கத்தின் விலை

வந்தபோது அவனுக்கு வயது 21, மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி ஆண்டு. விமானி பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24 வரை என்பதால் அவசரம் இல்லை என்று இருவருமே நினைத்தோம்.

விமானப்படையின் எழுத்துத் தேர்வான ஏஎஃப்கேட் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண். சரியான விடைக்கு 3 கிடைக்கும், தவறான விடைக்கு 1 போகும். பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு, அப்புறம் ரீசனிங்கோடு ராணுவத் தகுதி என்ற பகுதி. திருப்பி வைக்கப்பட்ட கனசதுரங்களை அடையாளம் காண்பது, சிக்கலான கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிப்பது போன்றவை இந்தப் பகுதியில் வரும்.

முதல் முயற்சியில் அவன் 64 கேள்விகளுக்கு மட்டும் விடை குறித்தான். 51 சரி, 13 தவறு, 140 மதிப்பெண். தேறவில்லை. மீதி 36 கேள்விகளை ஏன் விட்டாய் என்று கேட்டேன். “மைனஸ் மார்க் இருக்கே சார்” என்றான்.

அன்று கரும்பலகையில் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கில் ஒருமுறை 3 வரும், மூன்றுமுறை 1 போகும். சராசரியாகப் பார்த்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து அதை ஒதுக்கிவிட்டால், அந்தக் கேள்வி சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம் தரும். இரண்டை ஒதுக்கினால் முழுதாக ஒரு மதிப்பெண். அவன் விட்டுவந்த 36-இல் பாதிக்குமேல் இரண்டு விடைகளை ஒதுக்கக்கூடிய நிலையில் இருந்தவை.

சரி, பயத்தின் விலை என்ன என்று எண்ணில் பார்த்துவிட்டான். அடுத்த முறை 86 குறித்தான். 66 சரி, 20 தவறு, 178 மதிப்பெண். இடைப்பட்ட மாதங்களில் அவன் புதிதாகக் கற்றது அதிகமில்லை. ஒரு கேள்விக்கு சராசரியாக 72 விநாடி என்பதை உடம்பில் ஏற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

இந்த வெற்றிதான் பிறகு எங்கள் கண்ணை மறைத்தது. கேள்வித்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் எந்தச் சோதனையும் வசப்படும் என்று இருவரும் நம்பிவிட்டோம்.

தேர்வுக் குழு

விமானப்படைத் தேர்வுக் குழுக்கள் டேராடூன், மைசூரு, காந்திநகர், வாரணாசி உள்ளிட்ட இடங்களில் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. இந்தக் கட்டத்தைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகக் கடந்துபோகிறேன்.

முதல் நாள் நுண்ணறிவுத் தேர்வும், ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதி அதைக் குழுவாக விவாதிப்பதும். இதில் தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டும். மீதிப் பேருக்கு உளவியல் சோதனைகள், மைதானத்தில் குழுப் பணிகள், நேர்காணல். உளவியல் சோதனையில் 60 சொற்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனதில் தோன்றுவதை வாக்கியமாக எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், மொத்தம் 30 நிமிடம். ஜோடிக்க நேரமே இருக்காது. அவன் இயல்பிலேயே கலகலப்பான பையன், கல்லூரியில் என்எஸ்எஸ் முகாம்களை நடத்தியவன். மனப்பாடம் செய்த கதை எதையும் எழுதாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வீரதீரக் கதைகள் எழுதாமல் தனக்கு நடந்தவற்றை ஒட்டியே எழுதினான். கடைசி நாள், பரிந்துரை பெற்றவர்களின் பட்டியலில் அவன் சட்டையில் குத்தியிருந்த நெஞ்சு எண்ணையும் வாசித்தார்கள்.

அன்று இரவு அவன் தூங்கவில்லை. தோழர்களோடு பேசிக்கொண்டே இருந்ததில் விடிய இரண்டு மூன்று மணி நேரமே பாக்கி இருந்தது. இதை அவன் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னான், அதுவும் பேச்சோடு பேச்சாக. பயத்தில் தூங்காமல் போகக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தேன். சந்தோஷமும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சோதனையும் அதன் பின்னணியும்

விமானி பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் நடக்கும் இந்தத் தகுதிச் சோதனைதான் சிபிஎஸ்எஸ் என்ற கணினி வழி விமானித் தேர்வு. அதற்கு முன் பல ஆண்டுகள் பிஏபிடி என்ற சோதனை இருந்தது. அதில் மூன்று பகுதிகள். விமான டயல்களைப் படித்து விடை குறிக்கும் எழுத்துச் சோதனை ஒன்று. கையில் விமானத்தை இயக்கும் குச்சியும் காலில் பெடலுமாக ஒரு புள்ளியை நடுவில் நிறுத்திக்கொண்டே, இடையில் வரும் விளக்குக்கும் ஒலிக்கும் பதில் சொல்வது இன்னொன்று. ஓடிவரும் பாதையைக் கையால் தொடர்ந்து பிடிப்பது மூன்றாவது. இந்தத் திறன்களைக் கணினி கொண்டு இன்னும் துல்லியமாக அளக்க, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கியதுதான் சிபிஎஸ்எஸ்.

இதற்கான யோசனையை முன்வைத்தவர் அப்துல் கலாம். அப்போது அவர் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். 1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போய், 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை மட்டுமே எடுத்ததால் திரும்பியவரும் அவரே. ஒரு படியில் பறக்கும் வாய்ப்பை இழந்தவர், பின்னால் வருபவர்களைச் சரியாக அளக்கும் கருவியைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் விஷயம்.

இப்படி அளப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படையில் உளவியலாளர் ஜான் ஃபிளனகன் தலைமையில் எழுத்துச் சோதனைகளையும் குச்சி, பெடல், விளக்குச் சோதனைகளையும் சேர்த்து, 1 முதல் 9 வரை ஒரே மதிப்பெண்ணாக்கினார்கள். சோதனை உண்மையிலேயே ஏதாவது சொல்கிறதா என்று பார்க்க, ஒருமுறை மதிப்பெண்ணைப் பாராமல் ஒரு பெரிய தொகுதியை அப்படியே பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அடியில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பயிற்சியின் நடுவிலேயே நீக்கப்பட்டார்கள். உச்சத்தில் இருந்தவர்களில் அப்படி நீக்கப்பட்டவர்கள் அதைவிட மிகக் குறைவு.

ஏன் ஒரே வாய்ப்பு? என் புரிதல் இதுதான்: கை கால் ஒத்திசைவுச் சோதனைகளை இரண்டாம் முறை செய்தால் மதிப்பெண் தானாகவே கூடும். அந்தக் கருவி பழகிவிடுவதே அதற்குக் காரணம், பறக்கும் திறன் கூடியிருக்க வேண்டியதில்லை. முதல்முறை வருபவரின் எண்ணையும் மூன்றாம்முறை வருபவரின் எண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது. விதி கடுமையானது, ஆனால் நியாயம் இருக்கிறது.

எங்கே தவறியது

அவன் திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து பேசினோம். மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன.

முதலாவது டயல்கள். வழக்கமான விமானப் பலகையில் ஆறு முக்கியக் கருவிகள் இருக்கும்: வேகமானி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானம், உயரமானி, திருப்பம் காட்டி, திசைகாட்டி, ஏறுகிறோமா இறங்குகிறோமா எவ்வளவு வேகத்தில் என்று சொல்லும் ஏற்ற இறக்கமானி. இவற்றை நான் நாளுக்கு ஒன்றாகக் கற்றுக்கொடுத்தேன். உயரமானியில் நீள முள் ஒரு சுற்றுக்கு 1000 அடி, குட்டை முள் ஒரு சுற்றுக்கு 10,000 அடி. நீள முள் 5-இலும் குட்டை முள் 3-க்கும் 4-க்கும் நடுவிலும் இருந்தால் 3500 அடி. தனித்தனியாகக் கேட்டால் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டான்.

ஆனால் விமானி டயல்களை அப்படித் தனித்தனியாகப் படிப்பதில்லை. ஆறையும் சேர்த்துப் பார்த்து, விமானம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற ஒரே பதிலைச் சொல்கிறார். நான் கற்றுக்கொடுத்தது எழுத்துக்கூட்டிப் படிக்க. தேவைப்பட்டது ஒரே பார்வையில் வாக்கியமாக வாசிக்க.

அதிலும் செயற்கைத் தொடுவானம் அவனை மிகவும் அலைக்கழித்தது. அதில் விமானச் சின்னம் அசையாது, பின்னால் இருக்கும் தொடுவானக் கோடுதான் சாயும். விமானம் வலப்பக்கம் சாய்ந்தால் கோடு இடப்பக்கம் சாய்ந்து தெரியும். பழைய சோவியத் விமானங்கள் பலவற்றில் இது நேர் எதிர், அங்கே சின்னம்தான் சாயும். எது மேல் என்ற விவாதம் விமானத் துறையில் ஓயாமல் இருந்திருக்கிறது, அவ்வளவு தடுமாற வைக்கும் விஷயம் இது. நான் அவனுக்குக் கொடுத்த சூத்திரம்: “கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ, விமானம் அதற்கு எதிர்ப்பக்கம்.” சூத்திரம் சரிதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அவன் முதலில் கோட்டைப் பார்த்து, அதைப் புரட்டி, பிறகு விடைக்கு வந்தான். தூங்காத மூளைக்கு அந்தப் புரட்டல் ஒவ்வொன்றும் பாரம். பாதியில் எதைப் புரட்டினோம், எதைப் புரட்டவில்லை என்றே குழம்பிவிட்டது என்றான்.

இரண்டாவது கை. அவன் பல வாரங்களாகக் கணினியில் மவுஸைப் பிடித்து, நகரும் புள்ளியைத் துரத்தும் விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்தான். நல்ல பயிற்சி என்று நானும் சொன்னேன். மவுஸை முன்னால் தள்ளினால் அம்பு மேலே போகும். விமானக் குச்சியை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே போகும். காலுக்கும் இதே சிக்கல்தான்: சைக்கிளில் வலக் கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும், விமானத்தில் வலப் பெடலை மிதித்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். நிதானமாக இருக்கும்போது யாரும் இதில் குழம்ப மாட்டார்கள். அவசரத்தில் கை தனக்குப் பழகியதைத்தான் செய்யும். நாங்கள் பல வாரம் செலவழித்து ஒரு பழக்கத்தை ஆழப் பதித்தோம். அது தேவைக்கு நேர் எதிரான பழக்கம்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒன்றில் பிசகினால் அதையே துரத்துவது அவன் சுபாவம். புள்ளி நடுவைவிட்டு விலகியதும் முழுக் கவனமும் அதற்குப் போய்விட்டது, மற்ற சமிக்ஞைகள் காதிலேயே விழவில்லை. அதை உணர்ந்து அவற்றின் பக்கம் திரும்பியபோது புள்ளி இன்னும் தள்ளிப் போயிருந்தது. விமானிகளுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் பார்வைச் சுழற்சி இதற்கு மருந்து: நடுவில் தொடுவானம், அங்கிருந்து ஒரு டயல், மறுபடி நடு, அங்கிருந்து இன்னொரு டயல். எதிலும் கண் நிலைகுத்தக் கூடாது. ஆனால் நானோ எழுத்துத் தேர்வுக்காக அவனிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது, ஒரு கேள்வியை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று. அங்கே உதவிய குணம் இங்கே காலை வாரியது.

இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நன்றாகத் தூங்கியிருந்தால் மட்டும் போதுமாக இருந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் தவறியிருக்கலாம், ஏனென்றால் இந்தச் சோதனை அளப்பதில் ஒரு பகுதி பிறவியோடு வருவது, பயிற்சியால் ஓரளவுக்குமேல் அசையாதது.

பிறகு மாற்றியவை

அதன்பின் விமானி பிரிவுக்கு என்னிடம் வந்த மாணவர்களுக்கு முறையையே மாற்றினேன். படிப்பு தொடங்கும் முன் முதல் வேலை அளவெடுப்பு. விமானி பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை, கால் நீளம் 99 முதல் 120 வரை, தொடை நீளம் 64-க்குள் இருக்க வேண்டும். விமானி அறையில் அமர்ந்தால் பெடல் எட்ட வேண்டும், மேற்கூரை தலையில் இடிக்கக் கூடாது, அவசரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் எதிலும் மோதக் கூடாது. அதற்காகத்தான் இந்த அளவுகள். எட்டு மாதம் படித்தபின் தொடை அளவு அதிகம் என்று தெரிந்து உடைந்துபோன ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். ஒரு டேப்பை எடுத்து முதல் நாளே சுவரில் சாய்ந்து அளந்திருந்தால், அந்த எட்டு மாதத்தை, பறக்க வேண்டியிராத தரைப் பிரிவுகளுக்காகச் செலவிட்டிருப்பான்.

டயல்களுக்கு இப்போது ஒரே நாள்தான். மறுநாளிலிருந்து ஆறும் சேர்ந்த முழுப் பலகை மட்டும். ஒரு தாளுக்கு ஒரு பலகையாக 40 தாள்கள் வரைந்தேன். மாணவர் தாளைப் பார்த்ததும் வாய்விட்டு ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: “இடப்பக்கம் சாய்ந்து, மெல்ல இறங்கி, வேகம் கூடிக்கொண்டிருக்கிறது.” எண்கள் அப்புறம். செயற்கைத் தொடுவானத்துக்குச் சூத்திரமே கிடையாது. கண்ணுக்கு முன் அந்த வட்டத்தை ஒரு ஜன்னலாக நினைத்து, தலையை வலப்பக்கம் சாய்த்து வெளியே பார்க்கச் சொல்கிறேன். எதிரே இருக்கும் மொட்டைமாடிச் சுவர் இடப்பக்கம் சாய்ந்து தெரியும். இரண்டு நாள் இப்படிப் பார்த்தால் புரட்டல் நின்றுவிடுகிறது.

கவனத்தைப் பங்கிட ஒரு எளிய பயிற்சி. மாணவர் ஒரு வளைந்த பாதையின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். நான் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஒற்றைப்படை வந்தால் இடக்கையால் மேசையைத் தட்ட வேண்டும். பென்சில் கோட்டைத் தொட்டால் பரவாயில்லை, தட்டலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. தவறியதைத் துரத்தினால் மட்டும் நிறுத்திவிடுவேன். முதல் வாரம் எல்லோருக்கும் எரிச்சல் வரும். பிறகு தவறை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுகிறார்கள். மவுஸ் விளையாட்டுகளை அடியோடு நிறுத்தச் சொல்கிறேன். யாரிடமாவது ஜாய்ஸ்டிக் இருந்தால் திசைகள் பழகுவதற்கு மட்டும் கொஞ்சம். இந்தப் பயிற்சியால் யாரும் விமானி ஆகிவிட மாட்டார்கள். தவறான பழக்கத்தைச் சுமந்துகொண்டு உள்ளே போகாமல் இருந்தாலே போதும்.

அப்புறம் தூக்கம். பரிந்துரை கிடைத்தால் வீட்டுக்கு ஒரே ஒரு செய்தி, பத்து மணிக்குப் படுக்கை. கொண்டாட்டம் சோதனை முடிந்தபின். காலையில் அங்கே சொல்லப்படும் விளக்கத்தை, இதுவரை எதுவுமே தெரியாதவர்போல முழுதாகக் கேட்க வேண்டும். தெரிந்ததுதானே என்று பாதிக் காதில் கேட்பது இப்படித் தயாராகிப் போகிறவர்களுக்கே வரும் ஆபத்து.

இந்த முறையில் போனவர்களில் அந்தச் சோதனைவரை எட்டியவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் தேறினார்கள், ஒருத்தி தவறினாள். மூன்று பேரை வைத்து முறை சரியென்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெண் திரும்பி வந்து, “சார், எதையும் துரத்தல. கை வேகம் போதல, அவ்வளவுதான்” என்று சொன்னபோது, அவள் தோற்றது தன் எல்லையில்தான், என் தவறால் அல்ல என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவன்

விமானித் தகுதிச் சோதனையில் தவறியது தரைப் பிரிவுகளுக்குத் தடையில்லை. ஆறு மாதம் அவன் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. பிறகு தொழில்நுட்பப் பிரிவுக்கு விண்ணப்பித்து, மறுபடி ஏஎஃப்கேட் எழுதி, மறுபடி ஐந்து நாள் குழுவைச் சந்தித்து, பரிந்துரை பெற்றான். விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளர் அதிகாரியாகப் பயிற்சி.

விடுமுறையில் ஒருமுறை வந்தபோது என் 40 தாள்களையும் எடுத்துப் புரட்டினான். அதில் ஒன்றை நான் சிவப்பு மையால் குறுக்கே அடித்து ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் தொடுவானத்தின்படி மூக்கு மேலே இருக்கிறது, ஏற்ற இறக்கமானியோ விமானம் இறங்குவதாகக் காட்டுகிறது. முரண்பாடு, வரைந்ததில் பிழை என்று நினைத்திருந்தேன்.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “வேகமானியப் பாருங்க சார். வேகம் ரொம்பக் கம்மி. மூக்கு மேல இருந்தும் விமானம் கீழ போகும். இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போற நேரம் இது” என்றான். பேனாவை எடுத்து, நான் அடித்த கோட்டின் மேல் ‘இது சரி’ என்று எழுதி, தாளை அடுக்கின் முதலில் வைத்துவிட்டுப் போனான்.

புதிதாக வரும் மாணவர்களிடம் இப்போது அந்தத் தாளைத்தான் முதலில் கொடுக்கிறேன்.